தோராவை எழுதியது யார்? அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

தோராவின் கடைசி நூலான உபாகமத்தின் கடைசி அதிகாரத்தில் மோசே இறந்துபோகிறார். நேபோ மலைமேல் ஏறி, தான் காலெடுத்து வைக்க முடியாத நாட்டைத் தூரத்திலிருந்து பார்க்கிறார். 120 வயதில் உயிர் பிரிகிறது. மோவாப் நாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில் அடக்கம் நடக்கிறது. அவருடைய கல்லறை எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது என்கிறது அந்தப் பகுதி. யூத மரபோ தோரா எனப்படும், ஆதியாகமம் தொடங்கி உபாகமம் வரையுள்ள ஐந்து நூல்களையும் மோசேயே எழுதினார் என்கிறது. அப்படியானால் இந்த வரியை எழுதியது யார்?

நாத்திகர்கள் யாரோ கிளப்பிவிட்ட கேள்வி என்று இதை நினைத்துவிட வேண்டாம். யூத மத அறிஞர்களின் பழைய விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதிலேயே ரபிகள் (யூத மதகுருக்கள்) இதைப் போட்டு அலசியிருக்கிறார்கள். கடைசி எட்டு வசனங்களை மோசேக்குப் பின் வந்த யோசுவா எழுதினார் என்கிறது ஒரு கட்சி. கடவுள் சொல்லச் சொல்ல, தன் சாவைத் தானே கண்ணீரோடு எழுதினார் மோசே என்கிறது எதிர்க்கட்சி. வேதத்தை எழுத்து எழுத்தாக மதித்து வாசிப்பவர்களின் கண்ணில்தான் இப்படிப்பட்ட இடறல்கள் முதலில் படும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். யூதர்களின் வேதத்துக்கு தனாக் என்று பெயர். கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்பது பெரும்பாலும் இதைத்தான். நூல்களின் வரிசையும் எண்ணிக்கையும்தான் மாறும். தோரா, தீர்க்கதரிசிகள், மற்ற எழுத்துகள் என்று மூன்று பாகம். இவற்றில் முதல் பாகமான தோராதான் அந்த ஐந்து நூல்கள். யூதர்களுக்கு மிகப் புனிதமானது அதுவே. சண்டை அதிகம் நடப்பதும் அதன்மேல்தான்.

இந்த விவாதத்தில் நுழையும் பலர் முதல் அடியிலேயே இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். யார் எழுதியது என்பது ஒரு கேள்வி. அதில் சொன்னது நடந்ததா என்பது வேறு கேள்வி. 'மோசே எழுதவில்லையாம், அப்போ எல்லாமே கட்டுக்கதைதான்' என்று ஒருவர் குதிப்பார். 'பழைய கல்வெட்டில் ஒரு ராஜாவின் பெயர் கிடைத்துவிட்டது, ஆகவே எல்லாமே மோசே எழுதியதுதான்' என்று இன்னொருவர் குதிப்பார். இரண்டுமே தாவல். 300 வருஷம் கழித்து எழுதியவர் கையில் நல்ல அரண்மனைப் பதிவேடு இருந்திருக்கலாம். நேரில் பார்த்தவர் பொய்யும் சொல்லலாம்.

முதலில் 'யார்' என்ற கேள்வி.

தோராவின் ஐந்து நூல்களிலும் 'இந்த நூல் முழுவதையும் எழுதியவன் நான்' என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. மோசே எழுதினார் என்று சில இடங்களில் வருவது உண்மை. ஆனால் அங்கே பேச்சு குறிப்பிட்ட சில சட்டங்களைப் பற்றி, ஒரு போரைப் பற்றிய குறிப்பைப் பற்றி, பயண வழிகளின் பட்டியலைப் பற்றி, ஒரு பாட்டைப் பற்றி. மோசேயைப் பற்றிய கதையெல்லாம் 'அவர்' என்று படர்க்கையில்தான் ஓடுகிறது. இன்னும் சுவாரசியம், எண்ணாகமம் 21-ஆம் அதிகாரம் 'கர்த்தருடைய யுத்தங்களின் புத்தகம்' என்று இன்று தொலைந்துபோன ஒரு நூலைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டுகிறது. அதாவது தன் முன்னால் வேறு ஏடுகள் இருந்ததை இந்த நூலே மறைக்கவில்லை.

ஸ்பெயினில் பிறந்த ஆபிரகாம் இப்னு எஸ்ரா என்ற 12-ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர், 'அக்காலத்தில் கானானியர் அந்தத் தேசத்தில் இருந்தார்கள்' என்ற ஆதியாகமம் 12-இன் வரியில் நின்றார். மோசேயின் காலத்திலும் கானானியர் அங்கேதானே இருந்தார்கள்? 'அக்காலத்தில்' என்று எழுத, அவர்கள் இல்லாமல் போன பிறகு உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டுமே! ஒரு சமாதானத்தை முதலில் சொல்லிவிட்டு, அது பொருந்தாவிட்டால் இதில் ஒரு ரகசியம் இருக்கிறது, அறிவாளி வாயை மூடிக்கொள்வான் என்று முடித்துக்கொண்டார். 500 வருஷம் கழித்து வாயை மூடாத ஒருவர் வந்தார். ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் 1656-இல் விலக்கிவைத்த தத்துவஞானி ஸ்பினோசா, 1670-இல் தன் பெயரைப் போடாமல் வெளியிட்ட நூலில் இப்னு எஸ்ராவின் குறிப்புகளை ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டினார். தொகுத்தவர் மோசேக்கு வெகுகாலம் பின்னால் வந்த, வேதத்தில் வரும் எழுத்தர் எஸ்ராவாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம்.

ஆனால் இன்று கல்விப்புலத்தில் பேசப்படும் வாதத்துக்கு விதை போட்டவர் ஒரு மருத்துவர். ழான் ஆஸ்த்ருக் என்ற பிரெஞ்சுக்காரர். 1753-இல் அவரும் பெயரில்லாமல்தான் புத்தகம் போட்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் நோக்கம் மோசேயைக் காப்பாற்றுவது. மோசே தன் கையில் இருந்த பழைய ஏடுகளைச் சேர்த்து ஆதியாகமத்தை அமைத்தார், அதனால்தான் சில இடங்களில் ஒரே கதை இரண்டு தடவை வருகிறது என்றார். அந்த ஏடுகளைப் பிரித்தறிய அவர் கையில் எடுத்த அடையாளம், கடவுளின் பெயர். எபிரேயத்தில் சில பகுதிகள் 'ஏலோஹிம்' என்கின்றன, சில பகுதிகள் 'யாவே' என்ற நான்கெழுத்துப் பெயரைச் சொல்கின்றன.

இதைச் சரிபார்க்க எபிரேயம் படிக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பில் 'தேவன்' என்று வந்தால் மூலத்தில் பெரும்பாலும் ஏலோஹிம். 'கர்த்தர்' என்று வந்தால் யாவே. கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்', 'ஆண்டவர்'. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு ஆதியாகமம் 6 முதல் 9 வரை, நோவாவின் வெள்ளக் கதையை வாசித்துப் பாருங்கள்.

6-ஆம் அதிகாரக் கடைசியில், எல்லா உயிர்களிலும் ஆணும் பெண்ணுமாக இரண்டிரண்டு கொண்டுவா என்று தேவன் சொல்கிறார். தேவன் கட்டளையிட்டபடி நோவா செய்து முடித்தார் என்று அந்த அதிகாரம் முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் 7-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் கர்த்தர் பேசுகிறார். சுத்தமான மிருகங்களில் எவ்வேழு ஜோடி, சுத்தமில்லாதவற்றில் ஒவ்வொரு ஜோடி. மறுபடியும், கர்த்தர் கட்டளையிட்டபடி நோவா செய்தார். ஒரு இடத்தில் நாற்பது நாள் மழை. இன்னொரு இடத்தில் ஆழத்தின் ஊற்றுகள் பிளந்து, வானத்தின் மதகுகள் திறந்து, 150 நாள் தண்ணீர் மேலிட்டு நிற்கிறது. 7:16-க்கு வந்தால் இரண்டு பெயரும் ஒரே வசனத்தில்: தேவன் கட்டளையிட்டபடி உயிர்கள் உள்ளே போகின்றன, கர்த்தர் கதவை அடைக்கிறார்.

கர்த்தர் வரும் பகுதிகளை மட்டும் தனியாகவும், தேவன் வரும் பகுதிகளை மட்டும் தனியாகவும் வரிசைப்படுத்தினால், அங்கங்கே சிறு இடைவெளி இருந்தாலும், கிட்டத்தட்ட முழுமையான இரண்டு கதைகள் கிடைக்கின்றன. எனக்கு இதில் மிகப் பிடித்த நுணுக்கம் பலி. கர்த்தர் வரும் கதையின் முடிவில், பேழையைவிட்டு இறங்கிய நோவா சுத்தமான மிருகங்களையும் பறவைகளையும் பலியிடுகிறார். ஏழு ஜோடி இருந்தால்தான் இது நடக்கும். ஒரே ஜோடியில் ஒன்றைப் பலியிட்டால் அந்த இனமே அழிந்துவிடும். மற்றக் கதையில் பலி இல்லை, அதனால் ஏழு ஜோடியும் தேவைப்படவில்லை. வெறும் பெயர் வித்தியாசம் மட்டும் என்றால் தட்டிக்கழித்துவிடலாம். பெயர், எண்ணிக்கை, நாள்கணக்கு, பலி எல்லாம் சேர்ந்து ஒரே கோட்டில் பிரிவதுதான் ஆராய்ச்சியாளர்களை யோசிக்கவைத்தது.

இந்த முறையைத் தோரா முழுவதற்கும் நீட்டியபோது நான்கு மூலங்கள் என்ற கொள்கை பிறந்தது. 1878-இல் ஜெர்மானியரான யூலியுஸ் வெல்ஹாவுசன் அதற்கு அழுத்தமான வடிவம் கொடுத்தார். யாவே என்ற பெயரை ஆரம்பத்திலிருந்தே சொல்லும் மூலத்துக்கு 'ஜே', ஏலோஹிம் என்று சொல்லும் பழைய மூலத்துக்கு 'ஈ', உபாகமத்துக்கு 'டி', குருமார் சட்டங்களும் வம்சப் பட்டியல்களும் நிறைந்த மூலத்துக்கு 'பி' என்று பெயர். வெள்ளக் கதையில் தேவன் வரும் இழை 'பி', கர்த்தர் வரும் இழை 'ஜே'. இவை வெவ்வேறு நூற்றாண்டுகளில் எழுதப்பட்டு, பாபிலோன் சிறையிருப்பை (கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் யூதர்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டதை) தாண்டிய காலத்தில் ஒன்றாகத் தைக்கப்பட்டன என்றார் வெல்ஹாவுசன்.

'டி'க்குத்தான் காலம் குறிக்க ஒரு பிடிமானம் கிடைத்தது. கி.மு. 622 வாக்கில் யோசியா ராஜா எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது, பிரதான ஆசாரியன் இல்க்கியா ஒரு 'நியாயப்பிரமாண புத்தகத்தை'க் கண்டெடுக்கிறான். எழுத்தன் சாப்பான் அதை வாசிக்கக் கேட்டு ராஜா தன் உடையைக் கிழித்துக்கொள்கிறான். உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியிடம் ஆள் அனுப்பி விசாரிக்கிறான். பிறகு ஊர் ஊராக இருந்த பலிமேடைகளை இடித்து, வழிபாடு எருசலேமில் மட்டும் என்று ஆக்குகிறான். இரண்டாம் இராஜாக்கள் நூல் சொல்லும் இந்தச் சீர்திருத்தம், உபாகமம் 12-ஆம் அதிகாரம் கேட்பதோடு அப்படியே பொருந்துகிறது. ஆகவே கிடைத்த புத்தகம் உபாகமத்தின் ஒரு பழைய வடிவம், எழுதப்பட்டதும் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என்று 1805-லேயே ஜெர்மன் அறிஞர் டி வெட்டே வாதிட்டார். கண்டெடுத்தார்களா, கண்டெடுத்ததாகக் காட்டினார்களா என்பதில் இன்றும் ஒருமித்த பதில் இல்லை.

எதிர்வாதம் லேசானதல்ல. இத்தாலியில் பிறந்து எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த உம்பெர்ட்டோ கஸ்ஸூட்டோ, பெயர் மாறுவதற்கு ஆள் மாறியது காரணமல்ல என்றார். உலகம் முழுவதற்கும் படைப்பாளியாகப் பேசும்போது ஏலோஹிம், தன் மக்களோடு உறவாடும் கடவுளாகப் பேசும்போது யாவே. ஒரே எழுத்தாளர் இடமறிந்து பெயரை மாற்றுகிறார் என்பது அவர் வாதம். வெள்ளக் கதையை முழுதாக எடுத்தால் 7, 40, 150 என்று ஏறி, 'தேவன் நோவாவை நினைத்தார்' என்ற நடுப்புள்ளியைத் தொட்டு, 150, 40, 7 என்று இறங்கும் அழகான கட்டுமானம் தெரிகிறது என்று காட்டியவர்களும் உண்டு. அதோடு கோடு எல்லா இடத்திலும் சுத்தமாக விழுவதில்லை. 7:8-9 வசனங்கள் 'சுத்தமான, சுத்தமில்லாத' என்று ஒரு கதையின் சொல்லைச் சொல்லிவிட்டு, 'ஜோடு ஜோடாக, தேவன் கட்டளையிட்டபடி' என்று மற்றக் கதையின் சொல்லில் முடிகின்றன. இப்படி வந்தால் தொகுப்பாசிரியர் கைவைத்த இடம் என்று மூலக் கொள்கைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அது கொஞ்சம் வசதியான பதில்தான்.

என் பார்வையில் வெள்ளக் கதையில் இரண்டு இழை இருப்பது உறுதியாகத் தெரிகிறது. கட்டுமானம் அழகாக இருப்பது, தொகுத்தவர் கெட்டிக்காரர் என்பதைத்தான் காட்டுகிறது. ஆனால் தோரா முழுவதையும் நான்கு டப்பாவில் பிரித்துப் போட்டுவிடலாம் என்ற 19-ஆம் நூற்றாண்டு நம்பிக்கை இன்று அறிஞர்களிடையே கலைந்துவிட்டது. 'பி'யும் 'டி'யும் தனித்தனி என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். 'ஈ' என்று ஒன்று தனியாக இருந்ததா என்று பலர் சந்தேகிக்கிறார்கள். முழு ஏடுகளாக இல்லாமல் துண்டு துண்டான கதைகள் பின்னால் கோக்கப்பட்டன என்பாரும் உண்டு. பழைய கொள்கையைத் திருத்திக் காப்பவர்களும் உண்டு. இதற்கிடையே மொர்தெகாய் பிரோயர் என்ற வைதீக யூத ரபியின் நிலை தனி ரகம். இரண்டு இழை இருப்பதை அவர் ஒப்புக்கொண்டார். இரண்டையும் மோசேக்குக் கொடுத்தவர் கடவுளே, ஒரு குரலில் அடங்காததை இரண்டு குரலில் சொன்னார் என்றார். யார் எழுதியது என்ற கேள்விக்கு ஆராய்ச்சி என்ன பதில் சொன்னாலும் நம்பிக்கை அதோடு முடிந்துபோவதில்லை என்பதற்கு அவர் ஒரு உதாரணம்.

தோராவைத் தாண்டினாலும் இதே மாதிரிதான். ஏசாயா கி.மு. 8-ஆம் நூற்றாண்டுத் தீர்க்கதரிசி. அவர் பெயரிலுள்ள நூலின் 44, 45-ஆம் அதிகாரங்கள், பாபிலோனைக் கி.மு. 539-இல் பிடித்த பாரசீக ராஜா கோரேசைப் பெயர் சொல்லி அழைக்கின்றன. 40-ஆம் அதிகாரத்திலிருந்து வேறொருவர் எழுதியது என்பது ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் முடிவு; வரப்போவதை முன்னறிந்து சொன்னார் என்பது மரபு. ஒரு பெரிய பெயரின்கீழ் பல காலத்துப் பாடல்கள் சேர்வது ஔவையாரைப் படித்தவர்களுக்குப் புதிதல்ல.

இப்போது 'நம்பலாமா' என்ற கேள்விக்கு வருவோம். இதற்குள்ளும் இரண்டு இருக்கிறது. பிரதி எடுத்தவர்கள் ஒழுங்காக எடுத்தார்களா? எழுதிய சம்பவம் நடந்ததா?

பிரதியைப் பொறுத்தவரை 1947 ஒரு திருப்புமுனை. இன்று முழுமையாக இருக்கும் எபிரேய வேதப் பிரதிகளில் பழையது, லெனின்கிராட் ஏடு எனப்படும் 1008 வாக்கிலான கையெழுத்துப் பிரதி. சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் கிடைத்த ஏசாயா சுருள் அதைவிட 1000 வருஷத்துக்கும் மேல் பழையது. 7 மீட்டருக்கு மேல் நீளம், 66 அதிகாரமும் இருக்கிறது. ஒப்பிட்டால் எழுத்துக்கூட்டலிலும் சொல்லுருவிலும் நிறைய சின்ன வேறுபாடுகள். ஆனால் நூல் அதே நூல். 'பார்த்தீர்களா, எதுவுமே மாறவில்லை' என்று மேடைகளில் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அதே குகைகளில் எரேமியாவின் வேறு துண்டுகளும் கிடைத்தன. அவற்றில் சில, கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள, எட்டில் ஒரு பங்கு போல் குறைவான எரேமியாவோடு ஒத்துப்போகின்றன. அதாவது அந்தக் காலத்தில் எரேமியா குட்டையும் நெட்டையுமாக இரண்டு வடிவில் உலவியிருக்கிறது. உபாகமம் 32:8-இல் நம் பைபிள் 'இஸ்ரவேல் புத்திரர்' என்கிற இடத்தில், கும்ரான் துண்டு ஒன்று 'தேவ புத்திரர்' என்கிறது. கடவுளுக்குப் பல புத்திரர்களா என்று கூசிய யாரோ மாற்றியிருக்கலாம் என்பது பலர் கருத்து. நம் புலவர்கள் பாடபேதம் என்பது இதைத்தான்.

1979-இல் எருசலேமின் கெத்தேப் இன்னோம் கல்லறையில் இரண்டு சிறு வெள்ளித் தகட்டுச் சுருள்கள் கிடைத்தன. கி.மு. 600 வாக்கு. எண்ணாகமம் 6-இல் உள்ள 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்' என்ற ஆசீர்வாதத்தின் வரிகள் அவற்றில் இருக்கின்றன. 'பி'யில் சேரும் ஒரு பகுதி சிறையிருப்புக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி. எண்ணாகமம் முழுவதும் அப்போதே இருந்தது என்பதற்கு அல்ல. ஆசீர்வாதம் நூலுக்கு முன்பே மக்கள் வாயில் இருந்திருக்கலாம்.

சம்பவங்களுக்கு வந்தால், மொத்தமாக ஆம், இல்லை என்று சொல்ல வழியில்லை. இடத்துக்கு இடம் பதில் மாறும். மிக நன்றாகச் சோதிக்கக்கூடிய இடம் கி.மு. 701. அசீரிய ராஜா சனகெரிப் யூதா நாட்டின்மேல் படையெடுக்கிறான். இரண்டாம் இராஜாக்கள் 18-இல் எசேக்கியா ராஜா பணிந்து 300 தாலந்து (பழைய எடை அளவு) வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்டுகிறான். சனகெரிப் தன் தரப்பைக் களிமண் பட்டகங்களில் எழுதிவைத்தான். ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பொன் அதே 30 தாலந்து. வெள்ளி மட்டும் 800. மதிலுள்ள 46 ஊர்களைப் பிடித்தேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்தேன் என்கிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. லாகீசை முற்றுகையிட்டதை அவன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கியிருக்கிறான். லாகீசை அகழ்ந்தபோது முற்றுகைக்குக் கொட்டிய மண்சரிவு மேடும் கிடைத்தது. ஆக, படையெடுப்பு, கப்பம், நகரம் தப்பியது மூன்றும் உறுதி. நகரம் ஏன் தப்பியது என்பதில்தான் தகராறு. கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்கிறது வேதம். அசீரியக் கல்வெட்டில் அப்படி எதுவும் இல்லை, இருக்கவும் இருக்காது. தன் தோல்வியைக் கல்லில் வெட்டிவைக்கும் ராஜா அபூர்வம். இதே படையெடுப்பு ஏசாயா 36-இலும் ஏறக்குறைய வரிக்கு வரி வருகிறது. ஆனால் எசேக்கியா பணிந்து கப்பம் கட்டிய மூன்று வசனங்கள் அங்கே இல்லை. அவமானம் என்று விட்டுவிட்டார்களா, வேறு மூலமா என்று பேசத் தொடங்கினால், யார் எழுதியது என்ற கேள்வி இங்கே மறுபடி உள்ளே வந்துவிடும்.

இதற்கு முந்திய காலத்துக்குப் போகப் போகச் சான்று மெலிகிறது. 1993-இல் வட இஸ்ரேலின் தெல் தாணில் கிடைத்த, கி.மு. 9-ஆம் நூற்றாண்டு அரமேயக் கல்வெட்டு 'தாவீதின் வீடு' என்கிறது. தாவீது வெறும் கற்பனைப் பாத்திரம் என்று சொல்வது அதோடு கடினமாகிவிட்டது. எகிப்தில் 1896-இல் கிடைத்த மெர்னெப்தா தூண் கி.மு. 1208 வாக்கிலேயே கானானில் 'இஸ்ரவேல்' என்ற மக்கள் இருந்ததைக் காட்டுகிறது. ஆனால் யாத்திராகமம் சொல்வதுபோல் ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் பேர் எகிப்தைவிட்டுக் கிளம்பி வனாந்தரத்தில் 40 வருஷம் திரிந்ததற்கு மண்ணில் ஒரு தடயமும் இல்லை. எரிகோ மதில் யோசுவாவின் படைக்கு முன் இடிந்து விழுந்தது என்கிறது வேதம்; அங்கே 1950-களில் அகழ்ந்த காத்லீன் கென்யன், யோசுவா வந்ததாகப் பெரும்பாலும் கருதப்படும் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் இடிந்து விழ அங்கே மதிலே இல்லை என்று கண்டார். ஒரு சிறு கூட்டம் எகிப்திலிருந்து தப்பி வந்தது, அந்த நினைவு வளர்ந்து பெரிதானது என்று நடுவழியில் நிற்பவர்கள் நிறைய. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது, நிரூபிக்க முடியாது என்றாலும்.

அவசரப்படுகிறவர்களுக்காக பெல்ஷாத்சாரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். தானியேல் 5-ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் கடைசி ராஜா பெல்ஷாத்சார். அவன் தகப்பன் நேபுகாத்நேச்சார். கிரேக்க ஆசிரியர்கள் தந்த ராஜாக்கள் பட்டியலில் கடைசிப் பெயரோ நபோனிதஸ். ஆகவே பெல்ஷாத்சாரே கற்பனை என்று 19-ஆம் நூற்றாண்டில் சிலர் எழுதினார்கள். 1854-இல் 'ஊர்' (Ur) என்ற பழைய மெசபொத்தாமிய நகரத்தில் கிடைத்த களிமண் உருளைகளில், நபோனிதஸ் தன் மூத்த மகன் பெல்ஷாத்சாருக்காக வேண்டிக்கொள்கிறான். கற்பனை என்றவர்கள் தோற்றார்கள். ஆனால் அதே உருளைகள், அவன் தகப்பன் நேபுகாத்நேச்சார் அல்ல என்பதையும் காட்டிவிட்டன. இரண்டு தரப்பும் இன்றுவரை தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

வெள்ளக் கதையில் செய்ததை நீங்களே தனியாகச் செய்துபார்க்க ஆசையிருந்தால், ஆதியாகமம் 37-ஐ எடுங்கள். யோசேப்பை அண்ணன்மார் விற்கும் கதை. இங்கே கடவுளின் பெயர் உதவாது, ஆட்களைக் கவனியுங்கள். தம்பியைக் காப்பாற்ற முயல்வது ரூபனா, யூதாவா? வழியே வந்த வியாபாரிகள் இஸ்மவேலரா, மீதியானியரா? 28-ஆம் வசனத்தில் குழியிலிருந்து யோசேப்பைத் தூக்கியது யார்? பிள்ளையை விற்றாகிவிட்டது என்றால் 29-இல் ரூபன் குழியில் போய்ப் பார்த்து ஏன் பதறுகிறான்? எகிப்தில் போத்திபாரிடம் விற்றவர்கள் 36-ஆம் வசனத்தில் ஒருவர், 39-ஆம் அதிகாரம் முதல் வசனத்தில் இன்னொருவர். மீதியானியரும் இஸ்மவேலரும் ஒருவரே என்று நியாயாதிபதிகள் 8-ஐக் காட்டிச் சொல்வார்கள். அதையும் வைத்துக்கொண்டு ரூபனின் பதற்றம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.